ஐந்து பேர் அதிகம்: ரோமில் அர்தியாதீனே குகைகள்

ரோமிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கொலோசியம், வத்திக்கான் பற்றியெல்லாம் பிறகு எழுதுகிறேன். இப்போது என் மனதில் நிற்பது ஊருக்குத் தெற்கே இருக்கும் ஃபோஸ்ஸே அர்தியாதீனே என்ற குகை நினைவிடம் மட்டும்தான்.

போன வழியைச் சொன்னால் வயிறு எரியும். ரோமின் சான் ஜொவான்னி பகுதியில் 50 நிமிடம் நின்றும் பேருந்து வரவில்லை. நினைவிடம் மாலைவரை திறந்திருக்காது என்ற பதற்றத்தில் டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் மீட்டரே போடாமல் 35 யூரோ வாங்கிவிட்டார். ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு! நீங்கள் தயவுசெய்து 218ஆம் எண் பேருந்து வரும்வரை காத்திருங்கள். டிக்கெட் ஒன்றரை யூரோதான். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

நடந்தது இதுதான். இரண்டாம் உலகப் போரில் ரோம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. 1944 மார்ச் 23 அன்று வியா ரசெல்லா தெருவில், எதிர்ப்புப் போராளிகள் குப்பை வண்டியில் வைத்த குண்டு வெடித்தது. ஜெர்மன் காவல் படையினர் 33 பேர் செத்தார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர் என்று உத்தரவு வந்தது. மறுநாளே சிறைகளில் இருந்தவர்களையும், யூதர்களையும், கையில் சிக்கியவர்களையும் இந்தக் குகைக்குக் கொண்டுவந்து, ஐந்தைந்து பேராக உள்ளே அனுப்பிப் பின்கழுத்தில் சுட்டார்கள். 330 பேரைக் கொல்ல வந்த இடத்தில் 335 பேர் இருந்தார்கள். கூடுதலாக வந்த ஐந்து பேர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக அவர்களையும் விடவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் சரிபார்த்தவர் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி எரிக் ப்ரீப்கே.

குகைகளைத் தாண்டினால் கல்லறை மண்டபம். ஒரே பெரிய கான்கிரீட் பலகை, அதன் கீழே வரிசை வரிசையாகக் கல்லறைகள். பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக மட்டும்தான் வெளிச்சம். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, தொழில், பலவற்றில் புகைப்படம். வழக்கறிஞர், வியாபாரி, மாணவர் என்று படித்துக்கொண்டே போனேன். இறந்தவர்களில் மிக இளையவனுக்கு வயது 15. சிலரை இன்றுவரை அடையாளம் காண முடியவில்லை. அவர்கள் கல்லில் பெயர் இல்லை. இரண்டு வரிசைக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ப்ரீப்கே என்ன ஆனார்? ரிமினியில் இருந்த பிரிட்டிஷ் முகாமிலிருந்து தப்பி, 1948இல் அர்ஜென்டினாவுக்குப் போனார். பரிலோச்சே என்ற மலை ஊரில், சொந்தப் பெயரிலேயே, கடை வைத்து, அங்குள்ள ஜெர்மன் பள்ளி நிர்வாகத்திலும் தலைமை வகித்து, ஊர் மதிக்கும் மனிதராக வாழ்ந்தார். அர்ஜென்டினாவில் மொத்தம் நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல்! ஒளிந்தவரைத் தேடி அலைந்த கதை என்றால்கூட மனம் ஆறும். இவர் எங்கும் ஒளியவே இல்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. 1994இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் தெருவிலேயே மடக்கிக் கேள்வி கேட்ட பிறகுதான் உலகம் விழித்தது. 1995இல் இத்தாலியிடம் ஒப்படைத்தார்கள். 1996 ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம், குற்றத்துக்கான காலவரம்பு கடந்துவிட்டதென்று விடுவித்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் நீதிமன்றத்தை விட்டு நகரவில்லை, அன்று இரவே மறுபடி கைது. 1998இல் ஆயுள் தண்டனை. வயதைக் காட்டி வீட்டுக்காவல், அப்புறம் வெளியே போய்வரவும் அனுமதி. 2013இல் 100 வயதில் ரோமிலேயே செத்தார்.

திரும்பும்போது 218 உடனே வந்தது. சான் ஜொவான்னியில் இறங்கி ஒரு சின்னக் கடையில் இரண்டு சுப்ளீ சாப்பிட்டேன். தக்காளிச் சோற்றுக்குள் சீஸ் வைத்துப் பொரித்த உருண்டை. பிட்டால் சீஸ் நூல் நூலாக நீள்கிறது, மேல்தோல் மொறுமொறு. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து யூரோகூட ஆகவில்லை. இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு வாய்க்கவில்லை.

அங்கிருந்து நடை தூரம்தான் வியா தாஸ்ஸோ, போர்க்காலத்தில் ப்ரீப்கே வேலை பார்த்த எஸ்.எஸ். சிறைக் கட்டடம். இப்போது அருங்காட்சியகம். செங்கல் வைத்து ஜன்னலை அடைத்த அறைகள். சுவரில் கைதிகள் நகத்தாலும் ஆணியாலும் கீறிய எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. ஒரு கீறல் என் கண் உயரத்தில் இருந்தது. எழுதியவர் என் உயரமாக இருந்திருப்பார் என்று நினைத்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ப்ரீப்கேவின் உடலை அர்ஜென்டினா ஏற்க மறுத்தது. ரோமுக்குப் பக்கத்திலுள்ள அல்பானோ ஊரில் இறுதிச்சடங்கு நடக்கவிடாமல் மக்கள் சவ வண்டியை மறித்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்பதை அரசு ரகசியமாகவே வைத்திருக்கிறது.