ஒரு மான் கூட இல்லாத படம்

"மாமா, இது எங்கட ஊர் இல்ல!"

தியேட்டர் இருட்டுல, கேமரா வானத்துல இருந்து கீழ இறங்க இறங்க, "திருகோணமலை, இலங்கை"ன்னு கொட்டை எழுத்துல போட்டாங்க பாருங்க, ஹாலே விசில்ல அதிருது. அடுத்த செகண்ட் பாத்தா கடலுக்கு நடுவுல செங்குத்தா பச்சைப் பாறைங்க, மூக்கு நீண்ட படகுங்க, மூக்குல கலர் கலரா துணி கட்டியிருக்கு, தாய்லாந்துன்னு சின்னப் புள்ளைக்கே தெரியும். தெரிஞ்சுருச்சு. எங்க மச்சாள் பையன், ஒன்பது வயசு, சீட் மேல ஏறி நின்னு கத்துனான். அவன் கத்துனதுக்கு ஹால் சிரிச்ச சிரிப்புல அடுத்த ரெண்டு நிமிஷ டயலாக் யாருக்கும் கேக்கல. எனக்கு மட்டும் காது சூடாயிருச்சு, என்னமோ அந்த டைரக்டர் எங்க சித்தப்பா மகன் மாதிரியும், கல்யாண வீட்டுல வந்து மானத்தை வாங்கிட்ட மாதிரியும். ஏன்னா அந்த வரிசையில மதுரைக்காரி நான் ஒருத்தி தான்.

இங்க, திருகோணமலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. மச்சாள்னா நாத்தனார். மாமியாரை அத்தைன்னு கூப்பிட்டுட்டு இருந்தேன், மாமின்னு மாத்திக்கிட்டேன். எங்க தெருவுல மாமின்னா ஐயர் வீட்டு மாமி தான், அதனால மொத மாசம் பூரா மாமின்னு கூப்பிடும்போதெல்லாம் மனசு ஃபில்டர் காபியை எதிர்பாக்கும், வர்றது பால் இல்லாத பிளேன்டீயா இருக்கும்.

எனக்கு இருக்குற பெரிய குறையே நான் வெளிநாட்டுல இருக்கேன்னு ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. கூடப் படிச்சவ நியூ ஜெர்சியில பனி மேல நின்னு ஒரு போட்டோ போட்டா "பத்திரமா இருடி"ன்னு ஊரே அழுவுது. நான் அழுதா "உனக்கென்னடி, பக்கத்துல தான இருக்க, தமிழ் தான பேசுறாங்க"ங்குறாங்க. அதே இட்லி, அதே வெயில், அதே முருகன். கடிகாரத்தைக் கூட மாத்த வேண்டியதில்ல, 2006-ல இருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் தான். அம்மா இன்னும் ஒவ்வொரு போனுக்கும் "அங்க இப்ப மணி என்ன?"ன்னு கேக்கும். "இங்கயும் அதே மணி தாம்மா"ன்னா கொஞ்சம் ஏமாந்து போகும், மகளை வெளிநாட்டுல கட்டிக் குடுத்ததுக்கு ஒரு அரை மணி நேரம் வித்தியாசமாவது இருக்க வேணாமா.

தமிழ் ஒண்ணு தானன்னு சொல்றவங்க இங்க வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க. வந்த புதுசுல பக்கத்து வீட்டு அக்கா "ஆறுதலா வாங்க"ன்னாங்க, யாரு செத்தான்னு பதறிட்டேன், மெதுவா வாங்கன்னு அர்த்தமாம். லைட்டை நூர்க்கச் சொன்னாங்க, நூர்க்குறதுன்னா அணைக்குறது. மாமியைப் பத்தி ஒருத்தர் "அவ நல்லவ"ன்னு சொன்னதும் எனக்குக் கோவம் வந்துருச்சு, என்ன இது வயசுல பெரியவங்களை அவ இவன்னு, அப்புறம் தான் தெரிஞ்சது இங்க அவன்னா மரியாதை. எல்லாத்துக்கும் மேல கச்சான். ஜூன் மாசம் ஒரு நாள் மத்தியானம் மாமி ஜன்னலை எல்லாம் சாத்திக்கிட்டே "கச்சான் துவங்கிட்டு, இனி புழுதி தான்"ன்னாங்க. முந்தின நாள் தான் கடற்கரையில சுருள் பேப்பர்ல கச்சான் வாங்கித் தின்னோம், வேர்க்கடலைக்கு இங்க அது தான் பேரு. கடலைக்கும் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம்னு முழிச்சேன். கச்சான்னா காத்தும் தான். தென்மேற்குல இருந்து மலையெல்லாம் தாண்டி ஈரத்தை அங்கயே கொட்டிட்டு, கிழக்குப் பக்கத்துக்கு வெறும் சூட்டை மட்டும் கொண்டுட்டு வர்ற காத்து. மதுரை வெயிலே தேவலாம்னு சொல்ல வச்ச காத்து.

இப்ப எல்லாம் பழகிருச்சு. காலையில பால் வாங்கப் போனா பஸ் ஸ்டாண்டு பக்கம் புள்ளிமான் நின்னு பேப்பரைத் தின்னுட்டு இருக்கும், நான் பாட்டுக்கு ஒதுங்கிப் போவேன். மொத தடவை பாத்தப்ப ஓடி வந்து மாமிகிட்ட சொன்னேன், "அது கோட்டை மான், விடுங்க"ன்னு வெங்காயத்தை உரிச்சுட்டு இருந்தாங்க. கோணேசர் கோயிலுக்கு ஃபிரெட்ரிக் கோட்டை வழியா தான் ஏறணும், அங்க கூட்டம் கூட்டமா நிக்கும், அதுல பாதி டவுனுக்குள்ளயும் சுத்தும். மதுரையில மாடு மாதிரின்னு வச்சுக்குங்க. மாடுன்னதும் ஞாபகம் வருது, சித்திரைத் திருவிழாவுக்கு எங்க தெருவுல எதிர் சேவை அன்னிக்கு... சரி, படத்துக்கு வருவோம்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு ரெண்டு நாட்டுலயும் ஒரே நாள்ல ரிலீஸ். காலையில மூலிகை போட்ட மருத்துநீர் வச்சுக் குளிச்சு, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து, மாமா, அதான் மாமனார், கையால கைவிசேஷம் வாங்குனேன். அந்தக் காசைச் செலவழிக்கக் கூடாதாம், வருஷம் பூரா பத்திரமா வச்சிருக்கணுமாம். அது தெரியாம சாயங்கால ஷோவுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். அதனால இந்தப் படம் எனக்கு ரொம்ப விலை உயர்ந்த படம்.

படம் நல்லாருக்கான்னு கேட்டீங்கன்னா, இல்ல. ஐம்பது வயசு ஹீரோ மொத அரை மணி நேரம் காலேஜ் ஸ்டூடண்ட். வில்லனுக்கு மூணு தடவை துப்பாக்கி கிடைக்குது, மூணு தடவையும் பேசிக்கிட்டே நிக்குறான். ஃப்ளாஷ்பேக்குக்குள்ள ஃப்ளாஷ்பேக். கிராஃபிக்ஸ் கப்பல் குளியல் தொட்டியில மிதக்குற சோப்பு டப்பா மாதிரி. இதெல்லாம் மதுரையில பாத்திருந்தா பாப்கார்னோட மறந்திருப்பேன், ஆனா இங்க பாத்ததால தான் இது வேற படம் ஆயிருச்சு.

எங்களுக்குப் பின்னாடி சாரம், அதான் கைலி, கட்டுன ஒரு ஐயா. நாப்பது வருஷம் கடல்ல கிடந்தவர்னு பேச்சுலயே தெரிஞ்சது. ஹீரோ ராமேஸ்வரத்துல ராத்திரி படகை எடுக்குறாரு, ஒரு பாட்டு, விடிஞ்சா திருகோணமலையில இறங்குறாரு, சட்டை மடிப்புக் கலையல. "தம்பி, பருத்தித்துறையைச் சுத்தி வரோணும், எண்ணெய் காணுமா?"ன்னு ஐயா ஸ்கிரீனைப் பாத்துக் கேட்டாரு. பருத்தித்துறை இலங்கையோட வடக்குக் கோடி, காணுமான்னா போதுமான்னு அர்த்தம். காதல் காட்சியில நடுக்கடல்ல சூரியன் மறையுது. கிழக்குக் கரைங்க இது, வெளிக் கடல்ல சூரியன் உதிக்கத் தான் செய்யும். ஐயா ஒண்ணும் சொல்லல, ஒரு பெருமூச்சு மட்டும். ஹீரோயின் இலங்கைப் பொண்ணாம், யாரோ "கோ" போட்டுப் பேசுனா இலங்கைத் தமிழ் வந்துரும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, நாய்க்குட்டியைப் பாத்து "இங்க வாங்கோ, பால் குடியுங்கோ"ங்குது. பக்கத்து சீட்டுல மச்சாள் சிரிச்சு சிரிச்சு வாயில இருந்த பற்றிஸ் புரையேறி, நான் தான் முதுகுல தட்டுனேன். தமிழ், முஸ்லிம், சிங்களம்னு மூணு சனமும் ஒரே மார்க்கெட்டுல மீன் வாங்குற ஊரு, படத்துல ஒரு கடை போர்டுல கூட சிங்கள எழுத்து இல்ல, ஒரு தொப்பி இல்ல, போர்டுல "டீ ஸ்டால்"ன்னு நம்ம ஊர்க் கையெழுத்து.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, எண்ணெய்த் தாங்கி. தாங்கின்னா டேங்க். சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள்ள வெள்ளைக்காரன் கட்டி வச்சது, இப்பவும் 99 நிக்குது. வில்லன் அதுல ஒண்ணுக்குள்ள தான் தங்கத்தை ஒளிச்சு வச்சிருக்கான். மாமா அப்ப தான் நிமிந்து உக்காந்தாரு. 1942 ஏப்ரல் 9-ல ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டப்ப ஒரு தாங்கி எரிஞ்சதை அவங்க அப்பா சொல்லிக் கேட்டதை, இருட்டுல என் காதுக்குள்ள ஆரம்பிச்சாரு. அவர் பாதிக் கதையில இருக்கும்போதே ஹீரோ அந்தத் தாங்கியை வெடிக்க வச்சுட்டாரு. "சரி, இனி 98"ன்னு பின்னாடி இருந்து ஐயா.

இடைவேளைக்கு முன்னாடி ஹீரோ வேட்டியை மடிச்சுக் கட்டி, மழையில, பின்னாடி பறை அடிக்க, ஸ்லோ மோஷன்ல ஒரு திரும்பு திரும்புனாரு. லாஜிக் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல, என் ரெண்டு விரல் தானா வாய்க்குள்ள போயிருச்சு. அப்பா சொல்லிக் குடுத்த விசில். தங்கம் தியேட்டர்ல 2500-க்கு மேல சீட்டாம், கடைசி வரிசையில இருந்து அடிச்சா திரை வரைக்கும் கேக்கணும்னு பழகுனாராம், இப்ப அந்த இடத்துல ஜவுளிக் கடை. விசில் முடிஞ்சதும் தான் கவனிச்சேன், முன் வரிசை பூரா திரும்பி என்னையவே பாக்குது. இந்தப் பக்கம் மாமி. போச்சுடா, மருமக மானம் கப்பலேறிருச்சு, அதுவும் அந்த கிராஃபிக்ஸ் கப்பல்லன்னு நினைச்சேன்.

மாமி ரோல்ஸ்ல ஒரு கடி கடிச்சுட்டு, நிதானமா, "அந்தப் படகுப் பாட்டு இருக்கே மகள், எங்களுக்கு அது மூணு கிழமை எடுத்தது"ன்னாங்க.

கிழமைன்னா இங்க வாரம். 1990-ல போனவங்க. இங்க இருந்து காடு வழியா மன்னார் போய், அங்க காத்துக் கிடந்து, படகுல ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் மதுரைக்குப் பக்கத்துல ஒரு முகாம். என் வீட்டுக்காரர் பொறந்ததே அங்க தான். முகாம்ல மாசம் ஒரு தடவை வீட்டுக்கு அஞ்சு ரூபா போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பாங்களாம், ராத்திரிக்கு மூணு படம். "படம் சரியில்ல எண்டு எழும்பிப் போற ஆக்களா நாங்க? காசு குடுத்திட்டம், விடியுற வரைக்கும் பாப்பம். ஒரு படத்தில கடைசி ரீல்ல கரண்ட் போயிட்டு. அந்தப் பிள்ளை யாரைக் கலியாணம் கட்டினவ எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." சொல்லிட்டு மிச்ச ரோல்ஸை எனக்குக் குடுத்தாங்க. அதோட செகண்ட் ஹாஃப்ல நல்லாத் தூங்கிட்டாங்க, சண்டைக்கு மட்டும் முழிச்சாங்க.

படம் விட்டு வெளிய வந்தோம். ஆட்டோவுல பையன் விடாம குறை சொல்லிட்டே வர்றான். பாறை பொய், படகு பொய், இராவணன் வெட்டு எங்க, கன்னியாவுல ஏழு சுடுதண்ணிக் கிணறு இருக்கே அதுல ஒண்ணையாவது காட்டலாம்ல, "ஒரு மான் கூட இல்ல மாமா, ஒரே ஒரு மான்!" இவர் அது வரைக்கும் பேசவே இல்ல. படத்துலயும் தாய்லாந்து வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க, இவர் சிரிக்கலன்னு அப்ப தான் எனக்கு உறைச்சது.

"நான் உன்ர வயசில இந்த ஊரை அப்பிடித் தான்டா நினைச்சிருந்தன்"ன்னாரு.

பையனுக்குப் புரியல. "அப்ப நீங்க கோணேசர் கோயிலைப் பாக்கேல்லையா?"ன்னான். "கலண்டர்ல பாத்தன்"ன்னாரு. ஆட்டோ டச்சு பே பக்கம் திரும்புச்சு, கடல் இருட்டுல சத்தம் மட்டும். மாமி என் கையை இடிச்சு, "மகள், அந்த விசில் எப்பிடி? நாக்கை மடிக்கிறதா?"ன்னு கேட்டாங்க. வீடு வர்ற வரைக்கும் ஊதுனாங்க, காத்து மட்டும் தான் வந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமையும் அதே படத்துக்குப் போனோம். பையன் தான் அடம் பிடிச்சான், எங்க எங்க தப்புன்னு இந்தத் தடவை நோட்டுல எழுதணுமாம். தாய்லாந்து ஷாட் வந்தப்ப அவன் வாயைத் திறக்குறதுக்குள்ள ஹால்ல நாலஞ்சு பக்கத்துல இருந்து "எங்கட ஊர் இல்ல!"ன்னு சத்தம், எல்லாரும் ரெண்டாவது தடவை வந்த ஆளுங்க போல.

ராத்திரி அம்மா போன் பண்ணுச்சு. அங்க மணி என்னன்னு கேட்டுச்சு, சொன்னேன். அப்புறம் அதுவும் அப்பாவும் மதுரையில அந்தப் படம் பாத்துட்டு வந்த கதை. அப்பா விசில் அடிக்கலயாம், பல்லு கட்டுனதுல இருந்து வரலையாம். "படம் ஒண்ணும் சொல்லிக்குற மாதிரி இல்லடி, தலைவலி. ஆனா உங்க ஊரைக் காட்டுனாங்க பாரு, என்னா அழகு! கடலுக்குள்ள பச்சைப் பச்சையா பாறை, துணி கட்டுன படகு. நான் பக்கத்து சீட்டு பொம்பளைகிட்ட சொன்னேன், எம்மக அங்க தான் இருக்கான்னு. அந்தப் பாறை உங்க வீட்டுக்குக் கிட்டயா?"

ஜன்னலுக்கு வெளிய, மதில் ஓரமா, குப்பைப் பையை ஒரு மான் இழுத்துட்டு இருந்துச்சு.

"ஆமாம்மா"ன்னேன். "நடந்து போற தூரம் தான்."