அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டர்?

அயனாவரத்தில் நான் வளர்ந்த வீட்டில் தண்ணீர் வரும் நேரத்தில்தான் பொழுது விடியும். அடிபம்பை நாலு முறை அடித்து, கீழேயிருந்து வருவது காற்றா தண்ணீரா என்பதை ஓசையிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த நாள்களில் லாரிக்காகத் தெருவில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களுள் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியவை எங்களுடையவை. நூலைக் கட்டியவர் சித்தப்பா. சென்ற ஆண்டு அவரும் நானும் தம்பியும் கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் 58 நாள்கள் நடந்தோம். அந்த நாள்களைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால், மலைகளோ சூரிய உதயங்களோ அல்ல, அந்தச் சிவப்பு நூல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் நடந்தது பசிபிக் க்ரெஸ்ட் டிரெயில் என்னும் நெடும்பாதையின் தென்பகுதி. மெக்சிகோ எல்லையில் காம்போ என்ற சிற்றூரின் அருகே தொடங்கி, கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்து கனடா எல்லை வரை செல்லும் அந்தப் பாதையின் நீளம் 2,650 மைல், அதாவது ஏறக்குறைய 4,265 கிலோமீட்டர். அதன் முதல் 700 மைலைத்தான் நடப்பவர்கள் 'பாலைவனம்' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மணல்மேடுகளை எதிர்பார்த்துப் போன எனக்கு அங்கே கிடைத்தவை முட்புதர்க் குன்றுகள், கற்கள் உருளும் சரிவுகள், கள்ளி பூத்த பள்ளத்தாக்குகள், நடுநடுவே பனி கிடந்த பைன் மலைகள். எல்லையிலிருந்து வடக்கு நோக்கி நெடுந்தொலைவு நடக்க நாளொன்றுக்கு 50 பேருக்கு மட்டுமே அனுமதி கொடுக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு தேதி கிடைத்தது. அதைவிடத் தள்ளிப் போனால் நீரோடைகள் வற்றத் தொடங்கிவிடும் என்பதால் அதையே பிடித்துக்கொண்டோம்.

கலிஃபோர்னியாவில் வேலை செய்யும் தம்பிதான் முதலில் ஆசைப்பட்டவன். நான் ஒரு வாரம் யோசித்துச் சரி என்றேன். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா, அப்போது 61 வயது, "நானும் வாரேன் தாயி" என்று சொன்னபோது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே எட்டு லிட்டர் தண்ணீரைப் பையில் போட்டுக்கொண்டு பரங்கிமலைப் படிகளை ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டார். ஆறு மாதம் அந்தப் படிகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையும்தான் எங்களுக்குப் பயிற்சிக்களம்.

அங்கே எங்கள் நாள் 4 மணிக்குத் தொடங்கியது. பெரும்பாலான இரவுகளில் கூடாரம் அடிக்காமல் தரையில் விரிப்பைப் போட்டு உறக்கப்பைக்குள் படுத்ததால், விழித்தவுடன் கண்ணில் படுவது நட்சத்திரங்கள்தான். பகலில் 35 டிகிரியைத் தொடும் அதே இடத்தில் விடியற்காலையில் விரல்கள் மரத்துப் போகும் குளிர் இருக்கும். ஒருவரும் பேசாமல் பையைக் கட்டி, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, தம்பி முன்னே, நான் நடுவில், சித்தப்பா பின்னே என்று நடக்கத் தொடங்குவோம். ஆறரை மணிக்குச் சத்துமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் காலை உணவு முடிந்தது. வெயில் ஏறி, பத்தரை அல்லது பதினொன்றுக்கு எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே நடை நிற்கும். மாலை 4 மணிக்கு மீண்டும் கிளம்பினால் இருட்டும் வரை நடைதான். ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். எங்கே தூங்குவது, எப்போது சமைப்பது, எப்போது ஓய்வது என்று எதுவும் எங்கள் விருப்பப்படி நடக்கவில்லை. அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்ற ஒரே கேள்விக்கான பதிலைப் பொறுத்தே ஒவ்வொரு நாளும் அமைந்தது. தம்பியின் கைப்பேசியில் நீர்நிலைகளின் பட்டியல் இருந்தது. நமக்கு இரண்டு நாள் முன்னே போனவர்கள் 'ஓடுகிறது', 'சொட்டுகிறது', 'காய்ந்துவிட்டது' என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அதை உரக்கப் படிப்பான். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, மறுநாள் தலைக்கு எத்தனை லிட்டர் என்று சொல்வார். அவர் பரமக்குடிப் பக்கம் பிறந்தவர். ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் அள்ளிக் குடம் நிரப்பிய கைக்கு லிட்டர்க் கணக்கெல்லாம் எளிது.

எங்கள் பாட்டில்கள் ஒவ்வொன்றிலும் கால், அரை, முக்கால் என்று மூன்று இடங்களில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அதன் அருமை எனக்கு ஐந்தாம் நாள் தெரிந்தது. சிஸர்ஸ் கிராஸிங் என்ற சாலைச் சந்திப்பிலிருந்து பேரல் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை ஏறக்குறைய 38 கிலோமீட்டர், இடையே இயற்கையான நீர் எதுவும் இல்லை. வளைந்து வளைந்து செல்லும் மொட்டை மலைச் சரிவில், மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தலைக்கு ஆறு லிட்டர் சுமந்துகொண்டு மாலையில் கிளம்பினோம். 12 கிலோமீட்டர் நடந்து இரவு தங்கியபோது, என் பையிலிருந்த தண்ணீர் உறையின் உறிஞ்சுகுழாய் முழங்காலுக்கடியில் அழுந்திக் கிடந்ததை நான் பார்க்கவில்லை. தொடை சில்லென்று ஆனதும் எழுந்து விளக்கைப் போட்டேன். இரண்டு லிட்டர் தண்ணீர் மணலில் ஒரு தாம்பாளத்து அளவுக்குக் கருத்து ஊறியிருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது.

சித்தப்பா திட்டவில்லை. "எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க" என்றார். மூவரின் பாட்டில்களையும் வரிசையாக நிறுத்தி, நூல்முடிச்சுகளைப் பார்த்துக் கூட்டினால் பதினொன்றரை லிட்டர் தேறியது. இன்னும் 26 கிலோமீட்டர் பாக்கி. எடை அதிகம் என்று தம்பி வேண்டாம் என்று சொல்லியும் அவர் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று உண்டு. இனி அரைமணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர், சமையல் கிடையாது, அவலும் வெல்லமும் மட்டும் என்று முடிவாயிற்று. காலையில் நான் வழக்கம்போல் டம்ளரை அண்ணாந்து தூக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காத்துல ரெண்டு சொட்டு சிந்தும் தாயி, வாய வச்சுக் குடி." எச்சில்படாமல் குடிக்க வேண்டும் என்று ஐந்து வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அன்று ஒரே டம்ளரில் மூவரும் வாய்வைத்துக் குடித்தோம்.

வழியில் தன்னார்வலர்கள் தண்ணீர்ப் பாட்டில்களைக் கொண்டுவந்து அடுக்கி வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பது அந்தப் பாதையில் எல்லாரும் சொல்லும் விதி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சில பாட்டில்கள் இருந்தன. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே வாந்தி என்பது எங்களுக்குத் தெரியும். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். மாலை 7 மணிக்குப் பேரல் ஸ்பிரிங்கில், குழாய் வழியாகத் தொட்டியில் விழும் ஊற்றுநீரைப் பார்த்ததும் தம்பி கையை உள்ளே விட்டுக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான். வடிகட்டியில் தண்ணீர் இறங்கும் வரை பொறுக்க முடியவில்லை என்றாலும் பொறுத்தோம்.

நண்பகலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலைத் திணைக்கு நண்பகலைப் பொழுதாக வகுத்ததைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு புதரடியில் ஐந்து மணிநேரம் கிடந்தபோதுதான் அது எவ்வளவு துல்லியமான பார்வை என்று தெரிந்தது. நிழல் ஒரு முழம்தான் இருக்கும். அது நகர நகர நாமும் நகர வேண்டும். சென்னை வெயிலில் வியர்வை முதுகில் வழிந்து எச்சரிக்கும். இங்கே வியர்ப்பதே தெரியாது, உலர்ந்த காற்று அதை உடனே உறிஞ்சிவிடும், சட்டையில் உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே பின்தங்கிவிட்டது என்று பொருள். அதற்காகவே மாலையில் வெந்நீரில் ரசப்பொடியும் உப்பும் போட்டு ஆளுக்கொரு டம்ளர் குடிப்போம். அருகில் தங்கிய ஒரு ஜெர்மானியத் தம்பதி ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பிறகு எங்களை எங்கே பார்த்தாலும் அந்தக் கணவர் டம்ளர் பிடிப்பதுபோல் கையைக் காட்டுவார்.

முதல் மூன்று வாரத்தில் கொப்புளங்கள் இல்லாத நாளே இல்லை. ஊசியை நெருப்பில் காட்டி, கொப்புளத்தைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டுவது இரவு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கிலுகிலுப்பைப் பாம்பை நான்கு முறை பார்த்தோம். ஓசை கேட்டதும் நின்று, அது போகும் வரை காத்திருந்தால் போதும்.

சான் ஹசிந்தோ மலையிலிருந்து இறங்கும் நாள் எங்கள் முழங்கால்களுக்கு மிகவும் கடினமான நாள். பைன் மரங்களும் பனியும் இருந்த உயரத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் கீழே, கொதிக்கும் கணவாய்க்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தின் அடியில், பாறைகளுக்கு நடுவே, ஒரு தண்ணீர்க் குழாய் நிற்கிறது. சித்தப்பா அதைத் திறந்து முகம் கழுவிவிட்டு, இறுக்கி மூடி, மறுபடியும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். எதிரே சான் கோர்கோனியோ கணவாய் முழுவதும் காற்றாலைகள். முப்பந்தலைத் தாண்டி நாகர்கோவில் போகும்போது பேருந்து ஜன்னலில் அறையும் அதே காற்று எங்கள் முகத்தில் அறைந்தது.

ஆனால் என்னை இன்றுவரை விடாமல் பிடித்துவைத்திருப்பது மொஹாவி சமவெளியில் நடந்த ஓர் இரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்ல 1913இல் திறக்கப்பட்ட கால்வாய் அந்த வழியாகப் போகிறது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 370 கிலோமீட்டருக்கும் மேல் எந்தப் பம்பும் இல்லாமல், நிலத்தின் சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் தானாக ஓடிவரும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். பாதை அதன் மூடிய குழாயின் மீதும், கான்கிரீட் மூடியின் மீதும் செல்கிறது. ஏறக்குறைய 28 கிலோமீட்டருக்கு நிழலே இல்லை என்பதால் எல்லாரும் அதை இரவில்தான் கடக்கிறார்கள். நிலவொளியில் ஜோஷுவா மரங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு இருபுறமும் நின்றன. காலுக்கடியில் ஒரு மாநகரமே குடிக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் பைகளில் அளந்து வைத்த நான்கு நான்கு லிட்டர். சித்தப்பா ஓரிடத்தில் உட்கார்ந்து, கான்கிரீட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"இது யாரு ஊருத் தண்ணி?" என்றார்.

தம்பி சொன்னான். அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றைத் திருப்பிய பிறகு, 1920களில் அங்கிருந்த ஓவன்ஸ் ஏரி வறண்டு போனதையும், புழுதி பறக்கும் வெறும் உப்புத் தரையானதையும், விவசாயிகள் கோபத்தில் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்ததையும் சொன்னான். சித்தப்பா பதில் சொல்லவில்லை. வெகுதொலைவு நடந்த பிறகு, "நம்ம வீட்டுக் குழாயில வர்றதும் வீராணத்துத் தண்ணியும் கிருஷ்ணா தண்ணியுந்தான்" என்றார். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வரும் நீரை 2004இலிருந்து சென்னை குடிக்கிறது; ஆந்திரத்துக் கண்டலேறுவிலிருந்து கால்வாயில் பூண்டிக்கு வரும் நீரும் அப்படித்தான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஒருவருடைய வயலைத் தாண்டி வரும் தண்ணீருக்குமேல் தாகத்தோடு நடந்த அந்த ஆறு மணிநேரத்துக்கு முன்பு, அதை நான் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்ததாக நினைவில்லை. நகரத்தில் வாழ்பவர்கள் இதை மறந்திருப்பது சரியில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அன்று விடியற்காலையில் நடையை முடித்துப் படுத்தபோது, மீதமிருந்த என் அரை பாட்டிலைத் தலைமாட்டில் நிமிர்த்தி வைத்து, உறிஞ்சுகுழாய் எங்கும் அழுந்தவில்லை என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையில், கென்னடி மெடோஸ் என்ற இடத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு முன்னால், ஒரு ஆறு எதிர்ப்பட்டது. கெர்ன் ஆற்றின் தென்கிளை. காய்ந்து போகுமோ என்று பட்டியலில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத, கரையோரம் புல் முளைத்த, ஓசையோடு ஓடும் உண்மையான ஆறு. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றார். சட்டையைத் துவைக்க ஆசைப்பட்டவர், ஆற்றுக்குள் துவைக்கக் கூடாது என்பதால் துணிவாளியில் மொண்டு, அறுபது எழுபது அடிகள் எண்ணித் தள்ளிப்போய்த் துவைத்தார். உப்புப் படிந்த சட்டையிலிருந்து முதல் இரண்டு வாளித் தண்ணீர் காபி நிறத்தில் இறங்கியது.

கிளம்பும் நேரத்தில் அவர் பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றாக, மேல்முடிச்சு வரை நிரப்பிப் பையில் வைத்தார். இன்னும் முக்கால் மணிநேர நடைதான் பாக்கி, அதிலும் பாதி தூரம் ஆறு பக்கத்திலேயே வரும். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவனும் தன் பாட்டிலைத் திறந்துகொண்டு கரையில் குனிந்தான்.