மாரிக்கு மூடி வைத்த மெசின்

மட்டக்களப்புக் களுதாவளையில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது ஒரு இரண்டு அங்குலக் குழாய்ப் பெற்றோல் மெசின். மணல் தரை, ஊற்ற ஊற்றக் குடிக்கும். அதனால் கோடையில் அதற்கு ஓய்வே இல்லை. அப்படி ஓடுகிற நாளில் அது ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை. கரைச்சலெல்லாம் மாரி முடிந்து கயிற்றை இழுக்கிறபோதுதான்.

2022 ஆகஸ்டில் இலங்கையில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு, லீற்றர் 450 ரூபாய். பங்கீட்டுக் கியூஆர் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து மெசினுக்கென்று ஒரு கானில் சேர்த்தேன். ஐப்பசி மழை தொடங்கியபோது டாங்கியில் பாதி, கானில் 3 லீற்றர். வரிசையில் காய்ந்து வாங்கியதை எடுத்து ஊற்ற மனம் வருமா? அப்படியே சாக்கால் மூடிவிட்டேன்.

மாசியில் இழுத்தேன், இழுத்தேன், தோள் கழன்றது. காற்றைக் குறைக்கிற சோக்கைப் போட்டால் உயிர் வருகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. ஒரு கராஜில் பிளக்கை மாற்றிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் அதே கதை.

கடைசியில் மாமாதான் வந்தார். “சோக்கில மட்டும் ஓடுதெண்டா பெற்றோல் காணாது மனே. காபரேட்டரைக் கழட்டு.”

காபரேட்டர்தான் பெற்றோலையும் காற்றையும் கலந்து மெசினுக்குக் கொடுப்பது. அதன் அடியில் பத்தாம் நம்பர் நட். கழற்றினால் கிண்ணத்தில் பெற்றோலே இல்லை, முருங்கைப் பிசின் மாதிரி ஏதோ ஒட்டிக் கிடக்கிறது, வார்னிஷ் மணம் வேறு. பெற்றோல் வருகிற ஜெட்டின் ஓட்டை முழுவதும் அடைப்பு. நான் தையல் ஊசியை எடுக்க, கையைத் தட்டிவிட்டார்.

“ஓட்டை பெருத்தா மறுகா குடிகாரனப் போலக் குடிக்கும்.”

பழைய வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, அதால் மெல்லக் குத்தி, புதுப் பெற்றோலில் கழுவி ஊதினோம். மூன்றாவது இழுவைக்கு ஓடியது.

இப்போது ஐப்பசி பிறந்தால் எனக்கு ஒரு பின்னேர வேலை இருக்கிறது. டாங்கியில் உள்ளதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டு, மெசின் தானாக நிற்கும் வரை ஓட விடுவேன். கிண்ணத்தின் வடி ஆணியையும் திறந்துவிடுவேன். சூடு ஆறுமுன் ஒயில் மாற்றம், அரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். மெசினைச் சமதரையில் வைத்து, அளவுக் குச்சியைத் திருகாமல் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஒயிலை மட்டும் மணலில் ஊற்றுவதில்லை. எங்கள் கிணறு ஆழமில்லை, அது திரும்பி வருவது எங்கள் சோற்றுப் பானைக்குத்தான். காற்றுப் பில்டர் ஸ்பஞ்சைச் சவர்க்கார நீரில் அலசிக் காயவைத்து, துளி ஒயில் பூசிப் பிழிந்து போடுவேன். அப்புறம் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெல்ல இழுத்துவிட்டுப் பிளக்கை மாட்டுவேன். கடைசியாக ஒரு இழுவை, கயிறு இறுகுகிற இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், மாரி ஈரம் உள்ளே போகாது.

அந்த 3 லீற்றரா? 1,350 ரூபாய்ப் பெற்றோல். செயின் கழுவ உதவும் என்று மாமா கொண்டுபோனார். கானும் இன்னும் வரவில்லை.