தொட்டியில் எடுத்த அளவு திசுவுக்குள் எவ்வளவு?

நோயாளியின் உடலுக்குள் ஹைட்ரோபோனை (தண்ணீருக்குள் ஒலி அழுத்தத்தை அளக்கும் உணரி) நுழைத்து அல்ட்ராசவுண்டின் அழுத்தத்தை அளக்க முடியாது. தண்ணீரில் அளந்து, திசு விழுங்குவதைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். அளப்பதைவிட இந்தக் கழித்தலில்தான் பிழை அதிகம் புகுகிறது.

தொட்டி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயனியும் காற்றும் நீக்கிய தண்ணீர் வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஹைட்ரோபோனை அரை மணி நேரமாவது ஊறவிட்ட பிறகு அளவைக் குறியுங்கள். நுனியில் ஒரு சின்னக் குமிழி ஒட்டியிருந்தாலும் சிக்னல் விழுந்துவிடும். மெல்லிய தூரிகையால் தள்ளிவிடுங்கள். 3 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே அரை மில்லிமீட்டர்தான். 1 மி.மீ. அகல நுனி உச்சத்தைச் சராசரியாக்கிக் குறைத்துக் காட்டும், 0.2 மி.மீ. நுனி எடுங்கள். பி-மோடில் (படம் வரையும் முறை) ஒலிக் கற்றை நகர்ந்துகொண்டே இருக்கும். எம்-மோடில் (ஒரே கோட்டில் அசைவைப் பதியும் முறை) ஓரிடத்தில் நிற்பதால் உச்சத்தைத் தேடுவது எளிது. 20 டிகிரியில் 50 மி.மீ. தூரத்தைக் கடக்க ஒலிக்கு 33.7 மைக்ரோவினாடி ஆகும். ஆசிலோஸ்கோப்பில் வேறு எண் வந்தால் தூரமோ டிரிகரோ (நேரக் கணக்கைத் தொடங்கிவைக்கும் சைகை) தவறு.

இனி கழித்தல். திசு விழுங்குவதற்கு வழக்கத்தில் உள்ள மதிப்பு, சென்டிமீட்டருக்கு, மெகாஹெர்ட்ஸுக்கு 0.3 டெசிபல். 3 மெகாஹெர்ட்ஸ், 5 செ.மீ. ஆழம் என்றால் 4.5 டெசிபல். தண்ணீரில் எதிர் உச்ச அழுத்தம் (அலையின் பள்ளத்தில் வரும் அழுத்தம்) 2 மெகாபாஸ்கல் இருந்தால், அந்த 4.5 டெசிபல் இழப்புக்கு உரிய 0.596ஆல் பெருக்கி 1.19. அதை 3இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (குமிழி உண்டாகித் திசு சேதமாகும் வாய்ப்பைக் காட்டும் எண்) 0.69. டெசிபலைப் பெருக்கெண்ணாக மாற்றும்போது, அழுத்தத்துக்கு டெசிபலை 20ஆலும் செறிவுக்கு 10ஆலும் வகுக்க வேண்டும். இதை மாற்றிப் போட்ட கணக்குகளை அடிக்கடி பார்க்கிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல், தண்ணீர் ஒலியை ஏறக்குறைய விழுங்குவதே இல்லை என்பது. உச்ச டிரைவில் (ஒலியை எழுப்பும் மின்னழுத்தம் அதிகபட்சமாக இருக்கும்போது) அலை போகப் போகக் கோணிக்கொள்ளும். நேர் உச்சம் ஊசிபோல் நிமிரும், எதிர் உச்சம் உருண்டு தட்டையாகும். டிரைவை இரட்டிப்பாக்கினாலும் எதிர் உச்சம் இரட்டிப்பாகாது. அந்த எண்ணிலிருந்து கழித்தால், திசுவுக்குள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக வந்துவிடும். ஆகவே அலை கோணாத குறைந்த டிரைவில் அளந்து, டிரைவின் விகிதத்தில் உயர்த்தி, பிறகு கழிப்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

சரிபார்க்க, கற்றையின் குறுக்கே 2 செ.மீ. திசுத் துண்டை வையுங்கள். முதலில் உப்புக் கரைசலில் மூழ்கடித்து வெற்றிடத்தில் காற்றை எடுத்துவிடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அது சிதறடிப்பதெல்லாம் திசு விழுங்கியதாகக் கணக்கில் ஏறும். துண்டில் ஒலி வினாடிக்கு 1570 மீட்டர் வேகத்தில் போனால், சிக்னல் முக்கால் மைக்ரோவினாடி முன்னதாக வரும். குவியமும் (கற்றை ஒடுங்கிக் கூடும் இடம்) மாறியிருக்கும். உச்சத்தை மறுபடி தேடாமல் பழைய இடத்திலேயே அளந்தால், கிடைக்கும் இழப்பு பொய்யாக அதிகமாக இருக்கும்.

உயிருள்ள உடலில் மூச்சும் துடிப்பும் பாதையை மாற்றும், கொழுப்பு அடுக்குகள் கற்றையைக் கலைக்கும். இவற்றால் குவியத்தில் அழுத்தம் பெரும்பாலும் குறையவே செய்யும். கவலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. நிறைந்த சிறுநீர்ப்பை வழியாகக் கருவைப் பார்க்கும்போது பாதையில் பெரும்பகுதி திரவம், 0.3 என்ற மதிப்பே அங்கே அதிகம். அப்படிப்பட்ட ஸ்கேனுக்குத் திரவப் பாதையின் நீளத்தை விட்டுவிட்டு, மிச்சமுள்ள திசுவுக்கு மட்டும் கழியுங்கள்.