ஏடிஆர் வகுப்புக்கு முன்: கையும் வாயும் பழகட்டும்

ஏடிஆர் என்ற இரட்டை எஞ்சின் புரொப்பெல்லர் விமானத்தை ஓட்ட, பிராந்திய விமான நிறுவனத்தில் விமானியாகச் சேரச் சொல்லிக் கடிதம் வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். யாரிடமிருந்தோ கையேட்டின் பிடிஎஃப்பை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். ஹைட்ராலிக்ஸைத் தாண்டுவதற்குள் இருக்கிற நாள் ஓடிவிடும். சிஸ்டங்களை வகுப்பில் எப்படியும் நடத்துவார்கள். கைப்பழக்கத்துக்கும் வாய்ப்பழக்கத்துக்கும்தான் யாரும் தனியாக நேரம் தருவதில்லை. செஸ்னாவில் 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) எடுத்தவருக்கு, பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பறப்பதே புது வேலை.

காக்பிட் படத்தை உண்மை அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. கல்யாண பேனருக்கு நடுவே ஒரு மூலையில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாது. மேல் பேனல் தலைக்கு மேல் வரும்படி ஒட்டினால்தான் கை சரியான திசையில் பழகும்.

எதிரே நாற்காலி போட்டு, ஃப்ளோவை, அதாவது சுவிட்சுகளைத் தொடும் வரிசையை, வாய்விட்டுச் சொல்லியபடி விரலால் தொடுங்கள். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் பிஎஃப் (விமானத்தை ஓட்டுபவர்), மற்றவர் பிஎம் (கண்காணிப்பவர்), பிறகு மாறிக்கொள்ளலாம். சிமுலேட்டரிலும் நான்கு மணி நேர அமர்வைப் பெரும்பாலும் இப்படித்தான் இருவருக்கும் பிரிப்பார்கள். பிஎம் வேலையை ஓய்வு என்று நினைப்பவர்கள்தான் முதலில் திணறுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: விமானிகள் ஒருவருக்கொருவர் சொல்லும் கால்அவுட் வாசகங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு நிறுவனத்து எஸ்ஓபியை (செயல்முறை விதிகளை) உருப்போட்டுவிட்டுப் போனால் அதை மறக்கடிக்கவே பயிற்றுநருக்கு ஒரு வாரம் ஆகும். உங்கள் நிறுவனத்து ஆவணம் கைக்கு வரும்வரை சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் பழகுங்கள்.

வேகம் முக்கியமில்லை. தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் தரையிறங்க வந்த ஏடிஆர் 72-இல், இறக்கையின் பின்மடிப்பை இறக்கும் ஃப்ளாப் லீவருக்குப் போக வேண்டிய கை, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை ஃபெதருக்கு (தகடுகள் காற்றுக்கு விளிம்பு காட்டி நிற்கும் நிலைக்கு) இழுத்துவிட்டது. இரண்டு புரொப்பெல்லரும் உந்துவிசையை இழந்தன; விமானத்திலிருந்த 72 பேரும் இறந்தார்கள். இந்த இரண்டு வகை லீவர்களும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெடஸ்டலில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சுவர்ப் படத்திலேயே ‘பார், தொடு, சொல், மறுபடி பார்’ என்று பழகாத கை சிமுலேட்டரிலும் கண்ணை முந்திக்கொண்டு ஓடும்.

எஞ்சின் கோளாறு பயிற்சியிலும் இதே கதைதான். ஏடிஆரில் ஏடிபிசிஎஸ் என்ற தானியங்கி அமைப்பு உண்டு. டேக்-ஆஃபில் ஒரு எஞ்சின் நின்றால் அதன் புரொப்பெல்லரை இதுவே ஃபெதர் செய்யும். மற்ற எஞ்சினின் டார்க்கை (சுழல்விசையை) 90 சதவீதத்திலிருந்து 100க்கு ஏற்றும். எனவே அந்த நொடிகளில் விமானியின் கைக்குப் பெரிய வேலையில்லை. காலுக்குத்தான் வேலை: ரடர் (வால் சுக்கான்) கொடுத்து மூக்கை நேராகப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு லீவரைத் தேடுவதுதான் ஆபத்து. 2015 பிப்ரவரியில் தைபேயில் விழுந்த ஏடிஆர் 72-600-இல் கோளாறு இரண்டாம் எஞ்சின் பக்கம். நிறுத்தப்பட்டதோ நன்றாக ஓடிய முதல் எஞ்சின். எந்த லீவர் என்பதை ஒருவர் சொல்லி, மற்றவர் பார்த்து உறுதி செய்த பிறகே நகர்த்த வேண்டும். இதைச் சுவர்ப் படத்திலேயே இருவராகப் பழகலாம்.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏடிஆரைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: சில சமயம் வலப்பக்க எஞ்சின் இரையும், புரொப்பெல்லர் மட்டும் அசையாமல் நிற்கும். அதுதான் ஹோட்டல் மோட். இந்த விமானத்தில் ஏபியு, அதாவது தரையில் மின்சாரம் தரும் சிறு துணை எஞ்சின், கிடையாது. அதனால் பிரேக் போட்ட புரொப்பெல்லரோடு வல எஞ்சினை ஓட்டி மின்சாரமும் காற்றும் எடுக்கிறார்கள். பயணிகள் இடப்பக்கம் ஏறுவதால் அந்த எஞ்சின்.

லாஸ்பேட்டை ஓடுபாதையையே கணக்குப் பழக எடுத்துக்கொள்ளலாம். நீளம் சுமார் 1500 மீட்டர். ஏடிஆர் போன்ற டர்போபிராப் விமானம் தரையிறங்கி நிற்க ஆகும் தூரம் அதில் 70 சதவீதத்துக்குள், அதாவது 1050 மீட்டருக்குள், அடங்க வேண்டும். பாதை ஈரமாக இருந்தால் அதையும் 1.15-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 913 மீட்டர். ஐப்பசி மழையில் பின்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டு மூன்று எடைகளுக்குப் போட்டுப் பாருங்கள். பர்ஃபாமன்ஸ் வகுப்பு பாதி புரிந்துவிடும்.

இந்தக் கரையோரம் வளர்ந்தவர்கள் ஐசிங்கை (விமானத்தில் பனி படிவதை) வெளிநாட்டுச் சங்கதியாக நினைத்து மேலோட்டமாகப் படிக்கிறார்கள். நம் வானத்திலும் சுமார் 16,000 அடிக்கு மேல் உறைநிலைதான். ஏடிஆர் பறப்பதோ பெரும்பாலும் அதற்கும் மேலே. வடகிழக்குப் பருவமழை மேகத்துக்குள் ஏறினால் ஐஸ் பிடிக்கும். ஹார்ன் ஆன்டி-ஐசிங் என்ற பனித்தடுப்புச் சூடேற்றியைப் போட்டதும் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழத்தல்) எச்சரிக்கை முன்கூட்டியே வரும், குறைந்தபட்ச வேகங்களும் உயரும். இந்தத் தொடர்பு புரியாமல் வெறும் எண்களை மனப்பாடம் செய்து பயனில்லை.

வீட்டுக் கணினி சிமுலேட்டர் இருந்தால் ஆட்டோபைலட், ஃபிளைட் டைரக்டர் (திரையில் வழிகாட்டும் குறி) இரண்டையும் அணைத்து ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) மட்டும் பறந்து பாருங்கள். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் மூன்று டிகிரி சரிவுக்கான இறங்கு வேகம்: 120 நாட் (மணிக்குக் கடல் மைல்) தரைவேகத்துக்கு நிமிடத்துக்கு 600 அடி. 15,000 அடி இறங்க 45 கடல் மைல், பின்காற்றுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். இவை விரல்நுனியில் வர வேண்டும். லேண்டிங் மட்டும் கணினியில் பழக வேண்டாம், தவறான உணர்வு ஒட்டிக்கொள்ளும்.

காகித வேலையையும் இப்போதே பாருங்கள். நம்மூர்க்காரர்களுக்கு இனிஷியல்தான் தொல்லை: மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, லைசென்ஸில் வேறு வரிசை. விமான நிலைய நுழைவு அட்டைக்குக் காவல்துறை சரிபார்ப்பு உண்டு. நிரந்தர முகவரி கடலூரிலும் இருப்பிடம் புதுச்சேரியிலும் என்றால் விசாரணை இரண்டு நிர்வாகங்களுக்கு இடையே அலையலாம். கிளாஸ் 1 மெடிக்கல் (விமானிக்கான உடல்தகுதிச் சான்று) 40 வயதுக்குக் கீழ் 12 மாதம் செல்லும். பயிற்சியின் நடுவில் அது முடிகிறதா என்று தேதியைப் பார்த்து, முடிவதாக இருந்தால் சேருவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.