பீரோவுக்குள் இருந்த பத்திரம்

பெரியம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. இப்போதுதான் எழுத மனம் வந்தது. வீட்டுப் பெரியவர்களை முதியோர் இல்லத்தில் விட்டிருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவையில் ஓர் இல்லத்தில் ஆறு வருடம் இருந்தார். "நினைவு தப்பி, இனித் தேறாதுன்னு ஆயிட்டா எனக்குக் குழாய் சொருக விட்டுடாத கண்ணு" என்பார். லிவிங் வில் எழுதினோம், அதாவது அப்படி ஆகிவிட்டால் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தி, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டாம், இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றது.

நோட்டரி அதைச் சொத்து உயில் என்றே நினைத்து சர்வே நம்பர் கேட்டார். தீர்ப்பின் பிரிண்டைக் காட்டிய பிறகுதான் படித்தார். கடைசியில் பெரியம்மா கைப்பட எழுதியிருந்த "வாய் மட்டும் காயாம பாத்துக்குங்க" என்ற வரியை அடிக்கச் சொன்னார். பெரியம்மா மறுத்துவிட்டார்.

அடுத்து, ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே என்னைப் பிறப்பு இறப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். "இறந்த பிறகு வாங்கம்மா" என்றார் அந்த ஊழியர். பெரியம்மா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஆறவில்லை எனக்கு. மூன்றாவது தடவை தனியாகப் போய், முகப்புக் கடிதத்தோடு தபால் பிரிவில் கொடுத்து, என் பிரதியில் தேதி முத்திரை வாங்கினேன். அந்த முத்திரையை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது என் தப்பு. மூளையில் ரத்தக்கசிவு வந்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு. இல்லத்துப் பிரதி ஆபீஸ் பீரோவில். சாவி மேனேஜர் வீட்டில். டூட்டியில் இருந்த பெண்ணுக்கு அப்படியொரு பத்திரம் இருப்பதே தெரியாது. 108ஐக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் வெண்டிலேட்டர் போட்டிருந்தார்கள்.

தேற வாய்ப்பில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். பத்திரத்தை நீட்டினேன். "எடுத்தா போலீஸ் கேஸ் ஆயிடும்மா. நீங்க மகளும் இல்லையே" என்றார் டாக்டர். முடிவு சொல்ல வேண்டியவள் என்று அதில் என் பெயரைத்தான் பெரியம்மா எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு, விசாரித்து உறுதி செய்துகொண்ட பின் நிர்வாகம் இறங்கி வந்தது.

இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். முதலாவது, சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்து வருடமாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். இரண்டாவதில் முதல் குழுவினர் யாரும் இருக்கக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவர் வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதல் குழு சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு அந்த ஒரு டாக்டர் வர நான்கு நாள். அத்தனை நாளும் பெரியம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அதே குழாய் அவர் வாயில். ஐசியூ வாசலில் உட்கார்ந்து அழுதேன். குழாயை எடுக்கும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் மட்டும் கொடுத்தது ஒரே நாளில் முடிந்தது.

இப்போது என் அம்மாவுக்கும் எழுதியாயிற்று. நகல் வீட்டில், குடும்ப டாக்டரிடம், வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி ஃபைலில். உங்கள் ஆள் இல்லத்தில் இருந்தால் நர்ஸ் மேஜையிலும் கட்டில் பக்கத்து ஃபைலிலும் கட்டாயம் ஒன்று இருக்கட்டும். ராத்திரி டூட்டிக்காரர் ஒவ்வொருவரிடமும் நீங்களே நேரில் சொல்லுங்கள். ஆள் மாறினால் மறுபடி சொல்லுங்கள்.

குழாயை எடுத்த பிறகு பதினோரு மணி நேரம் இருந்தார். வலி தெரியாமல் மருந்து கொடுத்தார்கள். நர்ஸ் பெண் ஒருத்தி பத்திரத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தாள். ஷிஃப்ட் முடிந்தும் போகவில்லை. விடியும்வரை பெரியம்மாவின் உதடு காயவே இல்லை.