பம்புசெட் கம்பெனி தளத்தை 12 பத்திக் கிரிட்டுக்கு மாற்றியபோது

கோவை பீளமேட்டுப் பக்கம் உள்ள ஒரு பம்புசெட் கம்பெனியின் இணையதளத்தை, பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து அடுக்கும் கிரிட் அமைப்பில் மறுபடி கட்டினோம். பொள்ளாச்சி, தாராபுரம் டீலர்கள் தோட்டத்தில் நின்றபடி போனில் திறக்கிற தளம். பக்கங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. கட்டத்தை ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுப் பிறகு தமிழை ஊற்றினால் உடையும்; தமிழை வைத்தே அளந்தோம்.

அகலம் 1200 பிக்சல். 12 பத்தி, நடுவே 24 பிக்சல் சந்து. 11 சந்துக்கு 264 போனால் ஒரு பத்திக்கு 78. ஒரு பம்புக்கு நாலு பத்தி கொடுத்தால் 384 பிக்சல் கிடைக்கும், வரிசைக்கு மூன்று பம்பு. வரிசைக்கு நாலு பம்பு வைத்தால் ஒன்றுக்கு 282தான். தமிழ்ப் பெயர்கள் மூன்று வரிக்கு மடங்கின.

பெரிய தலைவலி போனில். 360 பிக்சல் திரையில் இரண்டு பக்கமும் 16 ஓரம், நடுவே 16 சந்து விட்டால் இரட்டைப் பத்தி ஒவ்வொன்றும் 156. அதில் ‘ஆழ்துளைக்கிணற்றுப்’ என்ற ஒரே சொல் அடங்காது, பக்கமே வலப்புறம் நீண்டுவிடும். காரணம், 1எஃப்ஆர் (இருக்கும் இடத்தில் ஒரு பங்கு என்ற பத்தி அளவு) என்பதன் குறைந்தபட்ச அகலம் பூஜ்யம் இல்லை. உள்ளே இருக்கும் நீளமான சொல்லின் அகலம். மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதி, குறைந்தபட்சத்தைப் பூஜ்யமாக்கினால் பத்தி நிற்கும், ஆனால் சொல் வெளியே வழியும். எங்கு வேண்டுமானாலும் உடையட்டும் என்று விட்டால் அடுத்த வரி ‘ற்’ என்று தொடங்கும். அதைத் தமிழ் வாசிக்கிறவர் கண் ஏற்காது. ‘ஆழ்துளைக்’ என்பதற்குப் பின் டபிள்யூபிஆர் டேக் (தேவைப்பட்டால் இங்கே மடங்கலாம் என்ற குறி) போட்டு, போனில் ஒற்றைப் பத்தியாக்கினோம்.

எழுத்து 18, வரி உயரம் 32 பிக்சல். ஆங்கிலத்துக்குப் போதுமான 24ஐ வைத்தால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கி’யும் நெருக்கியடிக்கும்.

பம்புப் பெயர், ஹெச்பி, விலைப் பட்டன் மூன்றும் பக்கத்துப் பம்போடு ஒரே மட்டத்தில் நிற்க, வெளிக் கிரிட்டின் கோடுகளையே உள்பெட்டியும் பின்பற்றும் சப்கிரிட். 2023 செப்டம்பரில் குரோமுக்கும் வந்துவிட்டது, தயங்க வேண்டாம். ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீர் அளவு) அட்டவணையை மட்டும் கிரிட்டாக உடைக்காதீர்கள். அது டேபிளாகவே இருந்து தன் பெட்டிக்குள் பக்கவாட்டில் நகரட்டும்; அப்போதுதான் டீலர் அப்படியே எக்செலுக்கு எடுக்க முடியும்.

கடைசியாக, பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பம், அதாவது அதைத் திறந்தால் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு. பம்புப் பெட்டியில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கர் பழைய முகவரிக்குத்தான் போகும். டீலர் குடோனில் அந்தப் பெட்டிகள் இருக்கும்வரை அந்தத் திருப்பத்தை எடுக்கக் கூடாது.